மாத்திரையா, ஐயுஐயா, ஐவிஎஃப்பா: எதில் தொடங்குவது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 30, கணவருக்கு 34. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறை, சில சமயம் 60 நாள்கூட ஆகும். உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. ஏஎம்எச் (முட்டைக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1. கருக்குழாய் டெஸ்டில் இரண்டு பக்கமும் அடைப்பு இல்லை என்று வந்தது. தைராய்டும் சரியாக இருக்கிறது. ஊரில் ஒரு டாக்டர் முட்டை வளர மூன்று மாதம் குளோமிஃபீன் மாத்திரை கொடுத்தார், பலன் இல்லை. அப்புறம் லெட்ரோசோல் எழுதினார். அது புற்றுநோய் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதால் பயந்து சாப்பிடவில்லை. கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறார். நவம்பரில் டெங்கு வந்து எழுந்தார். இரண்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் விந்தணு 11 மில்லியன், இயக்கம் 34 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு நகரத்தில் உள்ள ஒரு சென்டரில், ‘மாத்திரை, ஐயுஐ எல்லாம் நேர விரயம், இக்ஸியோடு (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) ஐவிஎஃப் செய்துவிடலாம், மாதக் கடைசிக்குள் கட்டினால் தள்ளுபடி’ என்கிறார்கள். 12 பவுன் நகையை அடகு வைக்க யோசிக்கிறோம். என் தோழிக்கு ஐயுஐயில்தான் குழந்தை பிறந்தது. ஆனால் ஒரு மாதம் படுக்கையிலேயே இருந்தாளாம். எங்களுக்கு எது சரி? குறை என்னிடம்தான் என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான விஷயம். மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டாம், நகை வீட்டிலேயே இருக்கட்டும். நான் உங்களை நேரில் பரிசோதிக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால், ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கும் முறை) உடனே தேவைப்படும் நிலையில் நீங்கள் இல்லை. உங்களுக்கு இன்னும் முறையாகச் செய்து பார்க்காத எளிய வைத்தியம் ஒன்று மிச்சமிருக்கிறது. கணவரின் ரிப்போர்ட்டும், அதை நம்பி முடிவெடுக்கக்கூடாத நேரத்தில் எடுக்கப்பட்டது.

என்னிடம் வருகிற பலரும் மாத்திரை சின்ன வைத்தியம், ஐயுஐ (விந்தணுவைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவது) நடுத்தரம், ஐவிஎஃப் பெரியது, பெரியதைச் செய்தால் நிச்சயம் பலிக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கரு உண்டாக சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வர வேண்டும். போதுமான விந்தணு உள்ளே போக வேண்டும். இரண்டும் சந்திக்கக் கருக்குழாய் திறந்திருக்க வேண்டும். உருவான கரு கர்ப்பப்பையில் ஒட்ட வேண்டும். எந்த இடத்தில் தடை இருக்கிறதோ அந்தத் தடைக்கு ஏற்ற வைத்தியம்தான் உங்களுக்கு நல்ல வைத்தியம். இரண்டு குழாயும் அடைத்த பெண்ணுக்கு வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது எவ்வளவு தவறோ, முட்டை வராதது மட்டுமே பிரச்சினையாக உள்ளவரை நேராக ஐவிஎஃப்புக்கு அனுப்புவதும் அவ்வளவு தவறு.

உங்கள் தடை தெளிவாகத் தெரிகிறது. 45, 60 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு என்றால், வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறைதான் முட்டை வெளியே வருகிறது. சில சுற்றுகளில் அதுவும் வந்திருக்காது. மாதாமாதம் முட்டை வருகிற பெண்ணுக்கு மூன்று வருடத்தில் கிடைக்கும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும். முட்டை இல்லாமல் இல்லை. ஏஎம்எச் 8.1 என்பது கையிருப்பு ஏராளம் என்று சொல்கிற எண். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது கூடுதலாக இருப்பது வழக்கம். அந்த எண்ணைக் காட்டி ‘ஐவிஎஃப்தான் வழி’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரும் என்று கணிக்கத்தான் ஏஎம்எச் உதவும். இயற்கையாகக் கரு தங்குமா, தங்காதா என்று அது சொல்லாது.

குளோமிஃபீன் சாப்பிட்ட அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட ஸ்கேன் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், மாத்திரைக்கு முட்டை வந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. முட்டை வந்தும் கரு தங்காமல் போவது ஒன்று, முட்டையே வராமல் போவது வேறொன்று. இரண்டுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறுவேறு. அதனால் அந்த மூன்று மாதத்தைத் தோற்றுப்போன வைத்தியமாக நான் எண்ண மாட்டேன்.

லெட்ரோசோல் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்த மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்காக வந்ததுதான். அட்டையோடு வரும் சீட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும். 2011இல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்த மத்திய அரசு தடைகூட விதித்தது. 2017இல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில், 2014இல், அமெரிக்காவில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களிடம் இரண்டு மாத்திரைகளையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. அதிகபட்சம் ஐந்து சுற்று கொடுத்ததில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்று உலகம் முழுக்க, நீர்க்கட்டியால் முட்டை வராதவர்களுக்கு முதலில் கொடுப்பது லெட்ரோசோல்தான். ஐந்தே நாள் சாப்பிடுகிற மாத்திரை. முட்டை வெளியாகும் முன்பே உடம்பைவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். உங்கள் ஊர் டாக்டர் சரியான மாத்திரையைத்தான் எழுதியிருக்கிறார்.

அதை எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் முக்கியம். மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், வழக்கமாக 2.5 மில்லிகிராமில் தொடங்குவோம். மாதவிலக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு அதை வரவழைக்க மாத்திரை தருவோம். பத்து, பதினொன்றாம் நாள் முதல் முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்கேன். முட்டைப்பை 18 மில்லிமீட்டர் தாண்டினால் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தானாகவே வெடிக்க விடலாம், அல்லது எச்சிஜி ஊசி போடலாம். ஊசி போட்டால் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் புரொஜெஸ்ட்டிரோன் பார்த்தால் முட்டை வந்ததா, இல்லையா என்பது தெரிந்துவிடும். முதல் மாதம் முட்டை வரவில்லை என்றால் அடுத்த மாதம் 5, அப்புறம் 7.5 மில்லிகிராம் வரை அளவைக் கூட்டலாம். சேர வேண்டிய நாள் பற்றியும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு உண்டாகக்கூடிய நாட்கள். அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். தேதி குறித்துக் கொடுத்து, அன்று ராத்திரி கட்டாயம் என்று சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எடையைக் குறைத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்’ என்று உங்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் 74 கிலோவில் நாலு கிலோ குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வர ஆரம்பித்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாத்திரைக்கு முட்டை வரும் வாய்ப்பும் கூடும், கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் ஆபத்தும் குறையும். வைத்தியமும் எடைக் குறைப்பும் சேர்ந்தே நடக்கட்டும். பட்டினி வேண்டாம். மூன்று வேளையும் சோறு, இட்லி என்று இருந்தால் அதில் பாதியைக் குறைத்து காய், பருப்பு, முட்டை, மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள்.

அடுத்து கணவரின் ரிப்போர்ட். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை வாசித்த இடம் அதுதான். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். டெங்கு போலக் கடும் காய்ச்சல் வந்தால், அந்தச் சமயத்தில் உருவாகிக்கொண்டிருந்த அணுக்கள் அடிபடும். அதன் பாதிப்பு அடுத்த இரண்டு, மூன்று மாத ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரத்தில் எடுத்த மாதிரியை வைத்து ‘இக்ஸி இல்லாமல் முடியாது’ என்று தீர்ப்பு எழுதுவது சரியில்லை. பிப்ரவரி கடைசியில், மூன்று மாதம் கழிந்த பிறகு, மறுபடி எடுங்கள். எடுப்பதற்கு முன் இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி இருக்கட்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது கொஞ்சம் சிந்திப்போனாலும் லேபில் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டு, குறைந்த எண்ணை நம்பி மாதக்கணக்கில் கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

11 மில்லியன் என்பதும் நீங்கள் பயப்படுகிற அளவு குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன். இயக்கத்துக்கு 42 சதவீதம். இந்த எண்கள், இயற்கையாகக் குழந்தை பெற்ற தகப்பன்மார்களைப் பரிசோதித்து எடுத்தவை. அவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்த அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள். அதனால் 11 என்றால் வாய்ப்பு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பாய்லர் சூடு விந்தணுவுக்கு ஆகாது என்பது உண்மை. வேலையை விடச் சொல்ல என்னால் முடியாது. சூடு குறைந்த பகுதிக்குச் சில மாதம் மாற்றிக் கேட்கலாம். இறுக்கமான உள்ளாடை, பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை இருந்தால் நிறுத்த வேண்டும். மறுபரிசோதனையிலும் குறைவாக வந்தால் ஆண்களுக்கான சிறுநீரகவியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்துச் சுருண்டிருப்பது (வெரிகோசீல்) மாதிரியான காரணங்கள் கையால் பரிசோதித்தால்தான் பிடிபடும்.

இனி ஐயுஐ. விந்துவைக் கழுவி, நன்றாக நீந்தும் அணுக்களை மட்டும் பிரித்து, முட்டை வெளியாகும் நேரத்தில் மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவதுதான் ஐயுஐ. சில நிமிட வேலை, மயக்கமருந்து வேண்டாம், சில ஆயிரங்களில் முடியும். ஒரு முறைக்கு நூறு பேரில் பத்து முதல் பதினைந்து பேருக்குக் கரு தங்கும். அதற்கு ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும், கழுவிய பிறகும் நீந்தும் அணுக்கள் சில மில்லியனாவது மிஞ்ச வேண்டும். விந்தணு லேசாகக் குறைந்தவர்கள், காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்கள், தாம்பத்தியத்தில் சிரமம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது நல்ல வழி. கணவர் சவூதியிலோ துபாயிலோ இருந்து வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் வருகிற குடும்பங்களுக்கும் இது உதவும். அவர் ஊரில் இருக்கும்போது மாதிரியை உறைய வைத்துவிட்டுப் போகலாம். அந்தப் பெண்களில் பலருக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. மாதாமாதம் சேர்ந்து வாழும் வாய்ப்பில்லாததை மலட்டுத்தன்மை என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது வேதனையாக இருக்கிறது.

உங்கள் விஷயத்தில், கணவரின் புதிய ரிப்போர்ட் நன்றாக வந்தால் ஐயுஐயால் பெரிய கூடுதல் பலன் இல்லை. முட்டை வந்தால் வீட்டிலேயே வாய்ப்பு கிட்டத்தட்ட அதே அளவுதான். 11, 12 என்றே நின்றால் லெட்ரோசோலோடு சேர்த்து மூன்று, நான்கு முறை ஐயுஐ செய்து பார்ப்பது நியாயம். அதற்கு மேலும் ஆறு, ஏழு என்று இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படுக்கை ஓய்வைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் தோழிக்குக் குழந்தை பிறந்ததற்கும் ஒரு மாதம் படுத்திருந்ததற்கும் சம்பந்தமில்லை. ஐயுஐ முடிந்த அன்றே வீட்டு வேலை பார்க்கலாம், பஸ்ஸில் போகலாம், மாடிப்படி ஏறலாம். ஐவிஎஃப்பில் கரு வைத்த பிறகும் அப்படித்தான். படுத்தே கிடப்பதால் கரு கூடுதலாக ஒட்டுவதில்லை.

ஐவிஎஃப்புக்கு நான் எதிரி இல்லை. என் தொழிலில் பெரும்பகுதி அதுதான். இரண்டு குழாயும் அடைத்தவர்கள், விந்தணு மிகவும் குறைந்தவர்கள், விந்தில் அணுவே இல்லாமல் விதையிலிருந்து எடுக்க வேண்டியவர்கள், கர்ப்பப்பை உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் முற்றியவர்கள் ஆகியோரை மாத்திரையில் காலம் கடத்தவிடக்கூடாது. வயது 38, 39 ஆகிவிட்டவர்களையும் அப்படித்தான். உங்கள் வயதை 39 என்று எழுதியிருந்தால் இந்தப் பதிலும் வேறு மாதிரி இருந்திருக்கும். 30 வயது உங்களுக்கு ஒரு வருடம் நிதானமாக முயல இடம் கொடுக்கிறது.

ஐவிஎஃப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்பட்டால் உதவும். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, இடையிடையே ஸ்கேன். பிறகு லேசான மயக்கத்தில் முட்டைகளை எடுப்பார்கள். பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கும், அதில் ஐந்தாறு கருவாகும், ஐந்தாம் நாள்வரை வளர்வது இரண்டோ மூன்றோதான். இந்தக் கணக்கை முன்கூட்டிச் சொல்லாததால், ‘பத்து முட்டை சொன்னார்களே, எங்கே போச்சு’ என்று அழுகிற பெண்கள் உண்டு. உங்கள் வயதில் வைக்கப்படும் ஒரு கரு குழந்தையாக முடியும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எந்த சென்டரும் உத்தரவாதம் தர முடியாது. செலவும் தமிழ்நாட்டுத் தனியார் இடங்களில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை போகிறது. ஒரே சுற்றில் பலிக்காவிட்டால் அடகு வைக்க அடுத்து என்ன இருக்கிறது என்றும் யோசிக்க வேண்டும்.

ஏஎம்எச் 8.1 உள்ள உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வேலை செய்து, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலை வரலாம். இதைத் தடுக்க இன்று நல்ல வழிகள் இருக்கின்றன. முட்டை முன்கூட்டியே வெளியாகாமல் தடுக்கும் ஊசியைச் சேர்க்கும் ஆன்டகோனிஸ்ட் முறையில் ஊசி போட்டு, கடைசி ஊசியாக எச்சிஜிக்குப் பதில் லூப்ரோலைட் போன்ற ஊசி கொடுத்து, எல்லாக் கருவையும் உறைய வைத்துவிட்டு அடுத்தடுத்த மாதத்தில் ஒரே ஒரு கருவை வைக்கலாம். ஐவிஎஃப் செய்ய நேர்ந்தால் ‘எனக்கு இந்த ஆபத்து வராமல் என்ன செய்வீர்கள்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

இக்ஸி என்பது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது. அணு மிகவும் குறைந்த ஆண்களுக்கு அது பெரிய வரம். அணு சரியாக இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை. வியட்நாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கர்ப்பப்பை உள்சுவரைச் சுரண்டிவிடும் ‘ஸ்க்ராட்ச்’ முறையும் அப்படித்தான். 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வில் சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்தது ஒரே அளவில், 26 சதவீதம். பேக்கேஜில் இப்படிச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் ‘இது எனக்கு ஏன்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே சிகிச்சை எடுத்தாலும் அந்த இடம் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். ஐயுஐ மட்டும் செய்யும் இடத்துக்கு முதல் நிலைப் பதிவு, ஐவிஎஃப் செய்யும் இடத்துக்கு இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். முட்டை வர மாத்திரை, ஸ்கேன், விந்துப் பரிசோதனை போன்ற அடிப்படை விஷயங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலும் விசாரியுங்கள்.

மாமியார் சொல்வதைப் பற்றி. நீர்க்கட்டி நீங்கள் செய்த தப்பால் வந்ததில்லை. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ரிப்போர்ட் இரண்டு பேருடையதும் இருக்கிறது. அதற்காகக் கணவர்மேல் பழியைத் திருப்பவும் வேண்டாம். ‘நாங்கள் இரண்டு பேரும் வைத்தியம் பார்க்கிறோம், கொஞ்ச காலம் இந்தப் பேச்சை விடுங்கள் அம்மா’ என்று உங்கள் கணவர் தன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால்தான் வீட்டில் எடுபடும். அப்படியும் மனசு தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் உதவி இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை இவைதான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றே ஆரம்பியுங்கள். உங்கள் எடைக்கு அளவைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைப் பரிசோதனை எடுக்கவில்லை என்றால் எடுங்கள், நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது அவசியம். ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து முயல வேண்டும். அதுவும் கணவரின் மறுபரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரத்தோடு சரியாகப் பொருந்தும். பிறகு உங்கள் ஊர் டாக்டரிடமே போய், ‘ஸ்கேனோடு லெட்ரோசோல் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். முட்டை வந்தது உறுதியான சுற்றுகள் ஆறு வரை பொறுக்கலாம். 7.5 மில்லிகிராமுக்கும் முட்டை வரவில்லை என்றால், குறைந்த அளவு ஹார்மோன் ஊசி அடுத்த வழி. சினைப்பையில் லேப்ராஸ்கோப் மூலம் துளையிடுவதும் உண்டு, ஆனால் அதை முதலிலேயே செய்துகொள்ள ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கணவரின் புதிய ரிப்போர்ட் வந்ததும் பழையதையும் சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள். எண் ஏறியிருந்தால் மாத்திரையோடு தொடரலாம். ஐந்து மில்லியனுக்குக் கீழே இறங்கியிருந்தால், இக்ஸியைப் பற்றி அப்போது விவரமாக எழுதுகிறேன்.